நாலு மாதப் புல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
குதிரைகள்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது.
அவை தின்னும். நான் அறுப்பேன்.
அவ்வளவுதான் சொந்தம்.

காலாங் சதுப்பில் இருட்டோடு இறங்கி,
அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பை அப்பிக்கொண்டு,
நாலு கட்டு தலையில், ஈரம் கழுத்தில் வழிய,
கடற்கரைச் சாலைக்கு நான் வந்து சேர்கையில்
வண்டிக்காரர்கள் குதிரைகளைக்
கடலுக்குள் இறக்கியிருப்பார்கள்.
தலைகள் மட்டும் தெரியும்,
யாரோ பானைகளை அலசப் போட்டுவிட்டு
மறந்து போனதுபோல.

பக்கீர் மைதீன் வண்டி நானூற்றுப் பதினேழு.
சுமத்திராவின் மட்டக்குதிரை,
என் தோளுக்குத்தான் வரும்.
கப்பலிலிருந்து தோணிக்குத்
தொங்கவிட்டு இறக்கிய கயிறு
வயிற்றைச் சுற்றி ஒரு கோடு வைத்திருந்தது;
அங்கே மயிர் வெள்ளையாக முளைத்தது.
பின்னங்கால் மழைக்கு நொண்டும்,
வெயிலடித்தால் மறந்துவிடும்.
பெயர் வைக்கவில்லை.
"ஏய்" என்பான். திரும்பும்.

நாளைக்கு இரண்டு கட்டு. கட்டு மூன்று காசு.
செவ்விளக்குத் துறைக்குக் கப்பல் வந்தால் கொடுப்பான்,
வந்த கப்பலில் துரைமார் இருந்தால் கொடுப்பான்,
துரைமார் ரிக்‌ஷாவில் ஏறாமல் இருந்தால் கொடுப்பான்.
ரிக்‌ஷா பெருகப் பெருக
எல்லாக் கொடுப்பானும் கரிக்கோடாயிற்று
என் கதவுப் பலகையில்.
அதை இழுக்கிறவன் ஹொக்கியன் பையன்,
சோறு தின்கிறவன்.
அவனிடம் எனக்கு என்ன வியாபாரம்?

நூற்றிருபது கோடு.
ஏழு வெள்ளி இருபது காசு.
கேட்டே விடுவதென்று நான் போன வெள்ளிக்கிழமை
நாகப்பட்டினம் கப்பல் போய்
ஒரு ராத்திரி ஆகியிருந்தது.

அன்று அந்தியில்
விளக்கேற்றாத வண்டியை இழுத்துக்கொண்டு
யாருமில்லாமல் வந்து நின்றது
என் குடிசை வாசலில்.
அதுவரை துறையிலேயே நின்றிருக்கிறது, சவாரிக்கு.
இருக்கையில் எந்த வெள்ளைக்காரியோ விட்டுப்போன
ஒற்றைக் கையுறை, இடது கை.
லாலாங் அறுக்கும்போது இப்போது
அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

வண்டி முதலாளி மறுநாள் வந்தார்.
சக்கரத்தைத் தட்டினார், அச்சைத் தட்டினார்,
குதிரையின் பின்னங்காலைத் தூக்கிப் பார்த்துக் கீழே விட்டார்.
"வண்டி என்னுது. குதிரை அவனுது.
அவன் உன் கடன்" என்றார்.
நாலு ஆளை வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

இப்படியாக எனக்கு ஒரு குதிரை.
தினம் ஆறு காசு தின்கிறது,
எனக்கு நானே பாக்கி.
முதுகில் கட்டை ஏற்றினால்
கழுத்தை வளைத்துச் சரக்கையே மெல்கிறது;
கடற்கரைச் சாலை வருவதற்குள்
நாலு கட்டு மூன்றரை.
"தள்ளிவிடு, தோலுக்காவது போகும்" என்கிறாள்
பக்கத்துக் குடிசை ஹப்சா.
பார்க்கலாம் என்கிறேன்.
பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கடலில் இறங்காமல் அது புல்லில் வாய் வைப்பதில்லை.
அதனால் நானும் இறங்குகிறேன்,
சேலையை வரிந்து கட்டி, இடுப்பளவு,
நீந்தத் தெரியாதவள்,
சேறு காலை இழுக்க, கயிற்றை விடாமல்.
ஆம்பிளைகள் முதல் வாரம் சிரித்தார்கள்.
அப்புறம் இடம் விட்டார்கள்.

இன்று விடிகாலை
வெளிக்கடலில் ஒரு கப்பல் ஊதியது.
இரண்டு காதும் துறைப் பக்கம் நிமிர்ந்தன.
நெஞ்சால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு
போகப் பார்த்தது.

"ஏய்" என்றேன்.
இத்தனை நாள் என் வாயில் வராத சொல்.

ஒரு காதை மட்டும்
என் பக்கம் திருப்பியது.