ஒன்பதில் ஒன்று

சோக்கே மலையின் மேற்குச் சரிவில்
தகர வரம்பு கட்டிய நான்கு துண்டு நிலம்.
ஒவ்வொன்றின் காலடியிலும் ஒரு பீலி,
பீலிக்குக் கீழே ஒரு பீப்பாய்.
பீப்பாய் நிறைந்தால் தண்ணீர்
ஒன்பது வாய் வைத்த பெட்டி வழியே வழியும்.
எட்டு வாய்த் தண்ணீர் ஓடைக்கு.
ஒரு வாய்த் தண்ணீர் எனக்கு,
இரண்டாம் பீப்பாயில்.
அதை அளந்து ஒன்பதால் பெருக்கு என்றார்கள்.
ஏழு மழைக்காலமாகப் பெருக்குகிறேன்.

என் பெயர் யெஷாரெக்.
சம்பளப் பட்டியலில் ‘அளவையாளர், தற்காலிகம்’.
நீளக் கரண்டி ஒன்று, லிட்டர் போத்தல் பன்னிரண்டு,
மழையில் அழியாது என்று தந்த பேனா.
அழிகிறது.

முதலில் கலக்க வேண்டும்.
அடியில் உறங்குவது மேலே வரும்வரை,
தோள் நோகும்வரை.
கரண்டி நிற்பதற்குள் போத்தலை முக்க வேண்டும்.
ஒரு மூச்சு தாமதித்தாலும்
மணல் இறங்கிவிடும்;
போத்தலில் மிஞ்சுவது மண் அல்ல,
மண்ணின் நிறம்.

படிவம் கேட்கும்: மழை தொடங்கிய நேரம்?
எங்கள் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணும்,
நண்பகல் எங்களுக்கு ஆறு மணி.
தெரியாமல் எழுதிவிட்டேன் முதல் வருடம்.
பஹிர்தார் கணினியில் அந்த ஆண்டு முழுக்க
ஆறு மணி நேரம் முந்தியே
மழை பெய்திருக்கிறது.

இரண்டாம் துண்டு அயல்நேயுடையது.
ஐந்து உழவு உழுது
தெஃப் விதைத்து
மாட்டை ஓட்டி மிதிக்கவிட்ட நிலம்.
ஹம்லே மாதம் மிக்கேல் திருநாள்,
யாரும் மண்ணைத் தொடாத நாள்.
இரவு மழைக்கு அது தெரியவில்லை.
காலையில் போனால்
என் பீப்பாய்க்குள் தோள்வரை கையை விட்டு
சேற்றை வாரிச் சாக்கில் போடுகிறான்.
‘இன்று மிக்கேல் நாள்’ என்றேன்.
‘உழவில்லையே, தங்கையே.
கீழே விழுந்த என் பொருளைப் பொறுக்குகிறேன்.’

சாக்கைத் தராசில் தொங்கவிட்டோம்.
முப்பத்தொரு கிலோ, ஈரத்தோடு.
எவ்வளவு ஈரம்? அந்தக் கட்டம் காலி.

நிமிர்ந்தவன் பெட்டியைப் பார்த்தான்.
‘எட்டு வாயை ஏன் சும்மா விட்டிருக்கிறாய்?’
‘ஒன்றைப் பிடித்தால் போதும், மீதி கணக்கு.’
‘யார் சொன்னது?’
‘பீப்பாய் வாங்கப் பணமில்லை’ என்றேன்,
அதுதான் உண்மை என்பதால்.

அடுத்த மழைக்குள்
எட்டு மஞ்சள் எண்ணெய்க் கேன்கள்,
கழுத்தறுத்து,
எட்டு வாய்க்குக் கீழும் கல் முட்டுக்கொடுத்து.
எங்கே வாங்கினானோ,
எதை விற்றானோ, கேட்கவில்லை.

அன்று சின்ன மழை.
எதுவும் நிறைந்து வழியவில்லை.
அவன் ஒவ்வொரு கேனாகத் தூக்கிப் பிடிக்க
நான் அளவுகோலை விட்டுப் படித்தேன்.
என் வாயில் ஒன்பது லிட்டர்.
அவனுடைய எட்டிலும் சேர்த்துத் தொண்ணூற்று மூன்று.
கூட்டினேன். வகுத்தேன்.
இன்னொரு முறை வகுத்தேன், தரையில் குச்சியால்.
பதினொன்றும் கொஞ்சமும்.

குனிந்து கன்னத்தைத் தகரத்தில் வைத்துப் பார்த்தேன்.
பெட்டி ஒரு விரல் அளவு
சாய்ந்திருந்தது, என் வாயை உயரத் தூக்கி.
எந்த வருடம் சாய்ந்தது?
எருது முட்டியதா, கல் இறங்கியதா,
அல்லது வைத்த அன்றே அப்படியா?

அயல்நே கேட்டான்:
‘அப்படியானால் நீ எழுதியதைவிட
அதிகம் போயிருக்கிறது.’
‘ஆமாம்.’
‘எனக்குத் தெரியும்’ என்றான்.
கோபமில்லை அதில்.
ஏர் முனை வருடா வருடம்
கல்லில் முட்டுகிற சத்தம்
அவனுக்குத்தானே கேட்டிருக்கும்.

சிசாய் பதில் அனுப்பினார் தொலைபேசியில்:
பெட்டியை மட்டம் செய்.
பழைய எண்களில் கை வைக்காதே,
பேசிக்கொள்ளலாம்.

கேன்களைக் கழுதையில் ஏற்றி
சேற்றை மேட்டுக்குக் கொண்டுபோகிறான்.
ஒரு கேன் ஒழுகுகிறது.
பாதை நெடுக ஒரு பழுப்புக் கோடு,
அது என் பீலியை நோக்கித்தான் இறங்கும்.

படிவத்தில் ‘குறிப்பு’ என்று
இரண்டு வரி இடம்.
ஒன்பது இல்லை, என்று எழுதினேன்.
மழை தொடங்கிய நேரம்: நான்கு.
அடித்துவிட்டு,
பத்து.