நாலு பட்டை

எர்ணாவூர். இரண்டாம் மாடி. திறந்து கிடக்கிறது கேபினட்.
முப்பத்திரண்டு கோர் பிராசஸர்மேல் எனக்கு ஒரு கண்.
ஜெசிந்தா விலைச்சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்:
"வலையிழுக்க முப்பது பேர் ஏறி என்ன,
போட்டுல ஐஸ்பெட்டி ஒண்ணுதானே?"

பதினாறு கோர் போதும் என்றாயிற்று.
மிச்சக் காசுக்கு ரேம், நாலு பட்டை,
தன் பிழையைத் தானே திருத்தும் ரகம்.
ஒரு பிட் புரண்டால்
எங்கள் கணக்கில் காற்று திசை மாறி
சாம்பல் முழுக்கக் கடலுக்குப் போய்விடும்.
கம்பெனி அறிக்கையில்
அது எப்போதும் அங்கேதான் போகிறது.

ஆன் செய்தோம்.
திரையில் மூன்று பட்டைதான்.
நாலாவதைக் கழற்றினாள்.
உறை பிரித்து ஒரு மணிநேரம் ஆகவில்லை,
தங்கப் பற்களின் இடுக்கில் மை மாதிரி.
மகனுடைய பென்சில் ரப்பரை எடுத்து
மெல்லத் தேய்த்தாள்.
"கணக்குப் போடறதுக்கு முன்னாடியே
வந்து குந்திக்கினான் பாரு" என்று
ஜன்னலைச் சாத்தப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
தெரு முழுக்க இருட்டு.
கூப்பிடு தூரத்தில் புகைபோக்கி மட்டும்
உச்சியில் சிவப்பு விளக்கு எரிய
நின்றுகொண்டிருந்தது.

பட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.