பதினோரு எழுத்து

மே மாதம் பிறந்தும்
தொரோல்டில் கையுறை கழற்ற முடியவில்லை.
ஏழாம் லொக்கின் விளிம்பில் நிற்கிறேன்.
கீழே, நாலு மாடி ஆழத்தில், 'எஸ்தெல் மரீன்':
தொண்ணூறு பயணிகள், மூக்கோரம் துரு,
மாரி முழுக்கப் பனாமாவில் ஏறி இறங்கிய கப்பல்.

கயிறு எறிகிற காலம் போய்விட்டது.
சுவரிலிருந்து றப்பர் தட்டுகள் நீண்டு
பல்லிபோலக் கப்பலின் விலாவைப் பற்றிக்கொள்ளும்.
பற்றியதா என்று பார்ப்பது என் வேலை.
பற்றாவிட்டால் ஒரு பொத்தான்.
அதற்கு இரண்டு நாள் பயிற்சி, மதியச் சாப்பாட்டோடு.

தண்ணீர் ஏறுகிறது. பம்பு இல்லை, இரைச்சல் இல்லை,
மேலே கிடக்கும் ஏரியின் பாரம் மட்டும்.
முதலில் ரேடார் வந்தது, பிறகு புகைபோக்கி,
பிறகு கம்பளி போர்த்திய நரைத்த தலைகள்.
கார்த்தஹேனாவில் வாங்கிய ஓலைத்தொப்பியைக்
காற்றுக்குக் கொடுக்காமல் அமுக்கியபடி
ஒரு அம்மா கேட்டார்:
"அங்கே நாலு எஞ்சின் கம்பி கட்டி எங்களை நடத்தியது.
இங்கே யார் இழுப்பது?"
"யாரும் இழுப்பதில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நிற்கிறோம்."
அவருக்கு அது பிடித்திருந்தது. குறித்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியில் யாரோ
கடந்துவந்த துறைமுகங்களைத் திருப்பிச் சொன்னார்கள்:
சீனி, பீரங்கி, கோட்டை,
குராசாவோவில் மஞ்சளும் நீலமும் பூசிய ஒல்லாந்தர் வீடுகள்.
ஒல்லாந்தரை எனக்கும் தெரியும்.
எங்கள் கோட்டைக்கு ஐந்து மூலை வைத்தவர்கள்.
வர்ணம் பூசவில்லை.

கடைசியாகத்தான் சமையலறைக் கதவு மட்டத்துக்கு வந்தது.
வாசலில் ஒருவன், காதோரம் பற்றவைக்காத சிகரெட்.
எனக்கு முன்னால் அவன் முழங்கால் தெரியவேண்டிய இடத்தில்
இன்னும் தலைதான் தெரிந்தது.
தண்ணீர் ஏற ஏற
கழுத்து, ஏப்ரன், நெஞ்சில் குத்திய பெயர்ப்பட்டை.
நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.
பிறகு திரும்பவும் வாசித்தேன்.
பதினோரு பிரெஞ்சு எழுத்து.
வாய்க்குள் போட்டு உருட்டினால்
முத்துசாமி.

எங்களுக்கு அது ஐந்தே எழுத்து.
மிச்சம் ஆறையும்
எந்தக் கப்பலில், எந்தக் கணக்குப்பிள்ளை சேர்த்தானோ.

"குவாதலூப்," என்றான், நான் கேட்காமலே.
"இன்று மதியம் கொலொம்போ. கோழி."
எனக்கு விளங்கவில்லை.
"கொலொம்போ! எங்கள் கறி. மஞ்சள், கடுகு, வெந்தயம்."
"நான் கொழும்பிலிருந்து வந்தவள்," என்றேன்.
அவன் சிரித்தான், பல்லெல்லாம் தெரிய.
"நீ ஒரு கறியிலிருந்து வந்தாயா?"

என்ன சொல்ல?
அது ஒரு நகரம் என்றா?
குழம்பு என்று ஒரு சொல் இருக்கிறது,
உன் தாச்சி அதைத்தான் சொல்லத் தெண்டிக்கிறது என்றா?
எண்பத்து மூன்று யூலையில்
வெள்ளவத்தையில் பூட்டிய கதவுக்குப் பின்னால்
மூன்று இரவு இருந்து,
பிறகு சரக்குக் கப்பலின் தளத்தில் படுத்து
வடக்கே போய்ச் சேர்ந்தோம் என்றா?
லொக் நிரம்பப் பத்து நிமிடம்கூட இல்லை.
அதில் ஏழு போய்விட்டது.

"ஓம்," என்றேன். "கறியிலிருந்துதான்."

உள்ளே ஓடினான்.
தகரத்தாள் கிண்ணம் ஒன்றைக் கம்பிக்கு மேலால் நீட்டினான்.
வாங்கக்கூடாது, விதி.
வாங்கினேன்.

மணி அடித்தது. தட்டுகள் ஒவ்வொன்றாய் விலா விட்டன.
கதவு திறந்தது, ஏரிப்பக்கம்.

காவலறையில் நின்றபடி தின்றேன்.
உறைப்புக் காணாது. கத்தரிக்காய் போட்டிருந்தான்,
கோழியோடு கத்தரிக்காய், என்ன யோசனையோ.
ஆனால் வெந்தயம் வறுத்த பதம் சரி.
அதை யாரும் அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

வெளியே ஓடிவந்து
பின்தட்டைப் பார்த்துக் கத்தினேன்:
"முத்துசாமி!"
ஐந்து எழுத்தையும் அழுத்தி.
அவன் திரும்பவில்லை.
ஓலைத்தொப்பி அம்மாவும் இன்னும் இரண்டு பேரும்
கை காட்டினார்கள்.

கையுறை விரலில் மஞ்சள்.
ஷிஃப்ட் மாற வந்த டெரக்
கிரீஸ் என்று நினைத்துத்
துடைக்கத் துணி தந்தான்.