மூண்டுதரம்

முதலில முள் எண்டுதான் நினைச்சன்.
ஒட்டி முள்ளோ, ஓரா முள்ளோ.
வெறுஞ்சோறு ஒரு உருண்டை, கதலிப்பழம் பாதி
விழுங்கிப் பார்த்தன். இறங்கேல்லை.
பிறகு சோறே முள்ளாச்சு.
பிறகு பாண்.
பிறகு பிளேன்ரீயும்
நெஞ்சுக்குள்ள நிண்டு யோசிச்சுது.

பாசையூர்ச் சந்தையில
முப்பத்தொரு வருசம் மீன் கூறின தொண்டை.
வள்ளக்காரன் கரையில கால் வைக்க முதல்
என்ர குரல் அவன்ர பாரைக்கு விலை வைச்சிடும்.
தொண்டையில பிழை இல்லையாம்,
அதுக்குக் கீழ, களத்தில.
களம் எண்டது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்லாம்.
எங்களுக்கு அந்தச் சொல் வேற.
ஏழு சென்ரிமீற்றர் எண்டா கஜானி மிஸ்.
சூடைமீன் அளவும் வராது.

வெளியால இருபத்தைஞ்சு நாள் சுட்டாச்சு.
இனி உள்ளால.

தெல்லிப்பழை. கதவு தடிச்ச அறை.
மூக்கால ரியூப் இறங்குது.
"விழுங்குங்கோ எமிலியான் ஐயா, விழுங்குங்கோ."
விழுங்கேலாதெண்டுதானே பிள்ளை வந்தனான்.
ரியூப்பின்ர மற்ற நுனி மெசினில.
மெசினுக்குள்ள பாரமான பெட்டி,
பெட்டிக்குள்ள கம்பி,
கம்பி முனையில குத்தரிசியில பாதி.
அது சும்மா கிடந்தாலும் வலு குறையுமாம்,
மூண்டு மாதத்துக்கொருக்கா புதுசு வேணுமாம்.
அது எனக்கு விளங்கிச்சு.
ஐஸ் கரைய முதல் வித்துப் போட வேணும்.

எல்லாரும் வெளியால போட்டினம்.
கதவு பூட்டிற சத்தம்.
சுவரில ஒரு கமரா, கண் வெட்டாமல்.

பங்கருக்குள்ள கூட ஆள் இருந்தது.

வாளிக்குள்ள நண்டு காலடிக்கிற மாதிரி
டிக், டிக் எண்டு கம்பி வருது.
அரைச் சென்ரிமீற்றர் வந்து நிக்குது.
பிறகு இன்னொரு அரை.
நோவில்லை, சூடில்லை,
என்னத்தைச் செய்யுதெண்டே தெரியாது.
நான் வாய்க்குள்ள கூறத் தொடங்கினன்:
அறுநூறு, அறுநூற்றைம்பது, எழுநூறு...
ஆயிரத்து நூறில அது திரும்பிப் பெட்டிக்குள்ள போட்டுது.

பிலோமினா கதவடியில நிண்டு
"கிட்ட வரலாமோ மிஸ்?" எண்டு கேட்டா.
"தாராளமா வாங்கோ அம்மா,
ஐயாவுக்குள்ள ஒண்டும் மிஞ்சேல்லை."
ஒண்டும் மிஞ்சேல்லை எண்டதைக் கேட்டு
அவ ஏன் அழுதாவோ.

அது ஒருதரம்.

ரெண்டாந்தரம் முடிஞ்ச நாலாம் நாள்
விளைமீன் சொதி, முள் அரிச்சு, ஆறவிட்டு,
தேக்கரண்டியால.
எரிஞ்சு எரிஞ்சு இறங்கிச்சு.
இறங்கிச்சு.
வீட்டில ஒருத்தரும் கதைக்கேல்லை.

"அடுத்த செவ்வாய் மூண்டாந்தரம் ஐயா."
எத்தினை ஆயிரம் மீனுக்குச் சொல்லியிருப்பன் அதை.
சொன்னா முடிஞ்சுது,
கூடை கை மாறிடும்.

"கொஞ்சம் பொறு பிள்ளை," எண்டன்,
"கூடக் கேக்க
ஆரும் நிக்கினமோ எண்டு பாப்பம்."

கஜானி மிஸ் சிரிக்கேல்லை.
கொப்பியில எழுதித் தந்தா:
இருபத்தேழாம் திகதி. காலமை ஏழரை.
வெறுவயித்தோட.