பென்சிலில் இருபத்திரண்டு பவுண்டு

லாபிஸ் பழைய இரும்புக் கடையில்
காகிதம் கிலோ இருபது காசு.
தோட்டத்து ஆபீஸை இடித்தவர்கள்
கரையான் பாதி தின்ற செக்ரோல்களை
லாரியோடு கொட்டிவிட்டுப் போனார்கள்.
எடை போடுகிறவள் நான், படிக்கிறவள் அல்ல.
ஆனாலும் ஒன்று தானாக விரிந்துகொண்டது:
ஆகஸ்டு, 1957.

வந்தவர்க்குக் கோடு, வராதவர்க்குச் சுழி,
மழைக்கு ‘ம’.
கடைசிக் கட்டத்தில் மட்டும்
கிராணி சூசைநாதன் தடுமாறியிருக்கிறார்.
தீபாவளிக்கு எழுத்துண்டு,
கோயில் திருவிழாவுக்கு உண்டு,
ஒரு நாடு பிறப்பதற்கு இல்லை.
‘மெ’ என்று போட்டு, அடித்து,
மறுபடி ‘மெ’.
மேலிருந்து கீழே அறுபத்தேழு பேருக்கு.
சனிக்கிழமை. சம்பளத்தோடு லீவு.

தலைநகரத் திடலில் நள்ளிரவில்
பழைய கொடி இறங்கியபோது
இங்கே ஊரடங்கு.
லயத்தைச் சுற்றி முள்கம்பி.
ஒரு பிடி அரிசிகூட கேட்டைத் தாண்டக் கூடாது,
காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமாம்.
வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள்,
கொண்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள்.
சுதந்திரம் வந்தது
கிராணி வீட்டு ரேடியோ வழியாக,
முள்ளில் கிழியாமல்.

நாற்பத்து மூன்றாவது பெயர் செம்பாயி.
அவள் கட்டத்தில் ‘மெ’ இல்லை, மையும் இல்லை.
பென்சிலில், மெலிதாக:
இருபத்திரண்டு பவுண்டு.

பெரட்டே இல்லாத நாளில்
யாருக்கு மரம் வெட்டினாள்?
பால் நிறுக்கும் கொட்டகை பூட்டிக் கிடந்திருக்கும்.
கேட்டில் காவல்காரர்கள்
புதுக்கொடிக்கு எந்தப் பக்கம் மேல் என்று
சண்டை போட்டிருப்பார்கள்.
வாளியை ஒருவரும் கவிழ்த்திருக்க மாட்டார்கள்.
அதில் என்ன இருந்தது, எனக்குத் தெரியாது.
சூசைநாதனுக்குத் தெரிந்திருக்கும்,
வெட்டாத பாலை நிறுத்து எழுதிய மனுஷன்.

செப்டம்பரில் அவள் பெயர் இருக்கிறதா என்று தேடினேன்.
செப்டம்பரைக் கரையான் முடித்திருந்தது.

“அக்கா, இன்னிக்கு லீவா இல்லையா?”
உடைந்த பிரிட்ஜைத் தோளில் சாய்த்தபடி
அரைகுறைத் தமிழில் ரஃபீகுல்.
சாலையில் லாரிகளெல்லாம் கொடி கட்டிக்கொண்டு போகின்றன.
முதலாளி திறக்கச் சொன்னார், திறந்திருக்கிறோம்.
இன்று வேலை செய்தால் கூடுதல் கூலி,
சட்டத்தில் அவனுக்கும் உண்டு.
அவன் பாஸ்போர்ட் முதலாளியின் இழுப்பறையில்.

சம்பளப் புத்தகத்தை எடுத்தேன்.
முதலில் கைக்கு வந்தது பென்சில்தான்.
வைத்துவிட்டேன்.
காய்ந்துபோன பேனாவை
உதறி, உதறி,
எழுத வைத்தேன்.