இடக்கண்ணின் மஞ்சள்

வலக்கண்ணில் புரை எடுத்து இன்று ஒன்பதாம் நாள்.
பூந்தா அரேனாஸின் காற்று
தெருமுனைக் கயிறுகளைப் பிடித்து உலுக்குகிறது.
நாங்கள் பறந்துபோகாமல் நடக்க
நகராட்சி கட்டிவைத்த கயிறுகள்.
வெளியே போகாதே, போனால் கறுப்புக் கண்ணாடி.
குனியாதே. தேய்க்காதே.
நான்கு வேளை சொட்டு மருந்து.
இரவில் கண்மேல் துளையிட்ட பிளாஸ்டிக் மூடி,
தேநீர் வடிகட்டியை முகத்தில் ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன்.

கம்ப்யூட்டரா? ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம்,
என்றாள் டாக்டர் இத்துர்ரா.
பிறகு தூரத்தில் எதையாவது பாருங்கள்.
முக்கியமாக, இமையுங்கள்.
திரை முன்னால் உட்கார்ந்தால்
உங்களுக்கு அது மறந்துபோகிறது.

உண்மைதான்.
கண்கொட்டாமல் பார்ப்பதுதான் என் பிழைப்பு.
முப்பத்தோரு வருடமாகக் கல்யாணப் படங்களைச் சீர்செய்கிறேன்:
மாமனாரின் வேர்வை, மாப்பிள்ளையின் பரு,
கேக்குக்குப் பின்னால் நுழைந்துவிட்ட நாய்.
இமைக்காதவர்கள் தேவர்கள் என்றால்
அந்தப் பதவி எனக்கு வேண்டாம்.
தேவர்களுக்கு மணல் உறுத்தாது போலிருக்கிறது.

சமையலறையிலிருந்து எலுமிச்சை வடிவ மணியைக் கொண்டுவந்து
பதினைந்துக்குத் திருகிவைத்தேன்.
வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன்,
எழுத்தைப் பெரிதாக்கினேன்,
முதுகுப்பக்க ஜன்னலின் சீலையை இழுத்துவிட்டேன்.
என் கணவன் நொல்பெர்த்தோதான் இத்தனை நாள்
வாடிக்கையாளர் கடிதங்களை வாசித்துக் காட்டினான்,
நன்றியையும் வசவையும் ஒரே குரலில்,
மீன் விலை சொல்வதுபோல்.
அவனைத் தேநீர் போட அனுப்பிவிட்டுப்
பழைய ஆல்பம் ஒன்றைத் திறந்தேன்.

யெசேனியா ஒயார்சோ. மூன்று வருடம் முந்தைய மார்ச்.
மணப்பெண் நீலமாக இருந்தாள்.
உடை நீலம். பல் நீலம்.
கையிலிருந்த லில்லிகூட
ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோல்.

வலக்கண்ணை உள்ளங்கையால் மறைத்தேன், தொடாமல்.
இடக்கண்ணில் உடை வெள்ளை.
மாற்றிப் பார்த்தேன். நீலம்.
மறுபடி. வெள்ளை.

அப்போதுதான் கணக்கு புரிந்தது.
புரை ஏற ஏற எனக்கு உலகம் மஞ்சளாகியிருக்கிறது,
கோப்பையில் தேநீர்க் கறை படிவதுபோல்,
எந்த நாளில் என்று தெரியாமல்.
அந்தக் கறையைக் கழுவ
நான் நீலம் ஊற்றியிருக்கிறேன்,
ஆறு வருடம், சொட்டுச் சொட்டாக,
இந்த ஊரின் மணப்பெண்கள் எல்லார்மேலும்.

மணி அடித்தது.
சொன்னபடி தூரம் பார்த்தேன்: நீரிணை.
அது இவ்வளவு நீலமா?
இது யார் செய்த திருத்தம்?

மறுநாள் மருந்துக்கடைக்குப் போனேன்.
செயற்கைக் கண்ணீர் வாங்கவேண்டியிருந்தது,
காசு கொடுத்துக் கண்ணீர் வாங்கும் வயது.
பில் போடும் இடத்தில் யெசேனியா.
உன் படங்களைத் திரும்பச் செய்து தருகிறேன், என்றேன்,
பணம் வேண்டாம், தப்பு என் கண்ணில்தான்.

அவள் சில்லறையை எண்ணிக்கொண்டே
தலையை ஆட்டினாள்.
"தொடாதீங்க. அன்றைக்கு எவ்வளவு குளிர் தெரியுமா?
சர்ச் வாசலில் என் கை விறைத்துப்போய்
மோதிரம் ஏறவில்லை.
வந்தவர்கள் எடுத்த படத்தில் எல்லாம்
வெயில் அடிக்கிறமாதிரி இருக்கிறது.
உங்களுடையதில்தான் நான் நடுங்குகிறேன்."

கயிற்றைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.
மீதி ஆறு வருடத்துப் பெண்களிடம்
சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.
அவர்களில் இரண்டு பேர் விவாகரத்து வாங்கிவிட்டார்கள்,
அவர்களுக்கு எழுதவேண்டாம் என்கிறான் நொல்பெர்த்தோ.

இடக்கண்ணுக்கு வரும் வியாழக்கிழமை.
அதுவரை தினம் பதினைந்து நிமிடம்
கம்ப்யூட்டரை மூடிவைத்து
வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு
சமையலறைச் சுவரைப் பார்க்கிறேன்.
வெள்ளைதானே அடித்தோம் என்கிறான்.
எனக்கு அது வெண்ணெய்.
ரொட்டியில் தடவி, கொஞ்சம் உருகிய வெண்ணெய்.
எலுமிச்சை டிக்டிக்கென்று ஓடுகிறது.
இமைக்கிறேன், டாக்டர்,
இமைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.