நடக்காத செலவு

மாதிரி ஒன்றுக்கு ஏழாயிரத்து ஐந்நூறு.
மாதிரிகள் ஒன்பது. வரி தனி.
விவரம்: கிருமியின் மரபணு வாசிப்பு.
ஓரத்தில் பென்சிலால் நான் எழுதியிருந்தேன்:
வாசித்து?

அந்தக் காகிதம்
கன்னிங்ஹாம் ரோட்டைப் பார்த்த என் மேஜையில்
பதினோரு நாள் இருந்தது.
அதன்மேல் டிபன் டப்பாவும் வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் தபஸ்ஸும் நேரில் வந்தார்.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
ஒன்பதை அடித்துப் பத்து என்று திருத்தினார்.
ஐசியூவில் மூன்று பேருக்கு இருந்தது
இப்போது நாலு பேருக்கு.
எல்லாம் கிளெப்சியெல்லா.
பேர் ஒன்றுதானே, அப்புறம் எதற்கு வாசிப்பு என்றேன்.
உங்கள் தெருவில் எத்தனை செல்வராஜ் என்றார்.

மூன்று பேர்.
ஒருவர் வாங்கிய கடனுக்கு
இன்னொருவர் வீட்டு ஸ்கூட்டரைத்
தூக்கிக்கொண்டு போனார்கள், போன தீபாவளிக்கு.

அதற்குள் நிர்வாகம்
தனக்குத் தெரிந்த இரண்டு காரியத்தைச் செய்திருந்தது.
வார்டில் பாதியை மூடியது:
ஆறு கட்டில், கட்டிலுக்கு நாளொன்றுக்கு இருபத்தாறாயிரம்.
தரை துடைக்கும் புட்டலக்ஷ்மியை
வரவேண்டாம் என்றது.
மூன்று கட்டிலுக்கும் போனவள் அவள் ஒருத்திதான் என்று
டியூட்டி அட்டவணை சொன்னதாம்.

கையெழுத்துப் போட்டேன்.
நல்ல மனசால் அல்ல.
மாதக் கடைசி,
நிலுவைப் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

ஐந்தாம் நாள் வந்தது பதில்.
ஐம்பத்து மூன்று லட்சம் எழுத்து ஒவ்வொன்றிலும்.
முதல் இருவருக்கும் நடுவே
இரண்டே எழுத்து வித்தியாசம்.
மூன்றாமவருடையது அந்தக் குடும்பமே இல்லை,
ஹோசூரில் வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து
அவரோடு ஆம்புலன்ஸில் ஏறி வந்தது.
நாலாமவர், ஐந்தாம் கட்டில்,
அந்தப் பத்தாவது மாதிரி:
கைகழுவும் தொட்டியின் வாயிலிருந்து எடுத்ததற்கும் அதற்கும்
ஓர் எழுத்துகூட மாறவில்லை.

கை கழுவுங்கள் என்று மூன்று மொழியில் எழுதிய
பலகைக்கு நேர் கீழே அந்தத் தொட்டி.
திறந்து வைத்திருந்த பாதியில்.
நாங்கள் மூடியது மற்ற பாதி.

புட்டலக்ஷ்மியின் உள்ளங்கையைத் தேய்த்தெடுத்த பஞ்சில்
எதுவும் முளைக்கவில்லை.
முளைக்காததை வாசிக்க முடியாது,
ஆகவே அவள் பில்லிலேயே இல்லை.

லிங்கராஜபுரத்து இருதயராஜ் வந்து
வளைகுழாயைப் பிடுங்கிப் புதிது போட்டார்.
நாலாயிரத்து இருநூற்று நாற்பது,
கூலி உட்பட, நோட்டுக் காகிதத்தில்.

எழுபத்தைந்தாயிரத்தால் என்ன லாபம்
என்று மேலிடத்தில் கேட்டார்கள்.
மூடிய கட்டில்களுக்குக் கணக்குக் காட்டினேன்,
பதினாறு நாள், இருபத்தைந்து லட்சத்துக்குச் சற்றுக் குறைய.
தலையாட்டினார்கள்.
எட்டாம் கட்டிலுக்குத்தான் எப்படிக் காட்டுவது?
எலஹங்காவிலிருந்து வந்த பெரியவர்
தனக்கு வராத காய்ச்சலோடு படுத்துக்கொண்டு
காபி ஆறிவிட்டது என்று திட்டிக்கொண்டிருக்கிறார்.
அவருக்கு வாங்காத மருந்துக்கு
யாரிடம் ரசீது கேட்பேன்?

ஐந்தாம் கட்டிலின் பில்
மேலும் பத்தொன்பது நாள் ஓடியது.
பிறகு நின்றது.
எப்படி நின்றது என்று
நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பென்சில் எழுத்தை அழித்தேன்.
காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தால்
பள்ளம் தெரிகிறது.

நேற்று புட்டலக்ஷ்மி வந்தாள்.
பதினாறு நாள் சம்பளம், எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
ரொம்ப நேரம் யோசித்து
'இதர' என்று எழுதினேன்.
நோட்டுகளை எண்ணவில்லை அவள்.
வவுச்சரில் கன்னடத்தில் கையெழுத்திட்டாள்,
உருண்டை உருண்டையாக, அவசரமில்லாமல்.
இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம்.
அவள் போன பிறகு
எழுத்துக் கூட்டித்தான்
வாசிக்க முடிந்தது.